சொல்ல ஏதும் உண்டா

மிஷன் வீதி ஜெராக்ஸ் கடையில்
எனக்கொரு மேசை வாடகைக்கு.
பாரீசுக்கும் ரெயூனியனுக்கும் போகிறவர்கள்
பெட்டிக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று
பிரெஞ்சில் பட்டியல் எழுதித் தருவேன்.
துவானில் கேட்டால் நீட்டலாம்.
துவான் என்றால் சுங்கம்தான்.
புதுச்சேரியில் அப்படிச் சொன்னால்தான் பயம் வரும்.

எது வந்தாலும் என் கைக்குத் தெரிந்தது
மூன்றே சொல்:
துணி, மசாலா, புத்தகம்.
சேலை மடிப்பில் நெத்திலி தூங்கும்,
துணி என்பேன்.
ஆர்மோனியப் பெட்டியில் ஒருவர்
சென்னாகூனி அடைத்து வந்தார்.
அன்று மட்டும் நான்காவதாக
இசைக்கருவி என்று எழுதினேன்.

தானே புயலுக்கு மறு வருஷம்
தேவனாம்பட்டினத்திலிருந்து அஞ்சலாட்சி வந்தாள்.
தங்கை அங்கே பிள்ளை பெற்றிருக்கிறாள்.
"எழுதுங்க. பால்சுறாக் கருவாடு, ரெண்டு கிலோ."

மசாலா என்று போடுகிறேனே என்றேன்.
"மூக்கு இருக்கும்ல அவனுக்கு?"
பிடுங்கிக்கொள்வான் என்றேன்.
"பிடுங்கட்டும்.
வலையும் படகும் புயல் பிடுங்கிச்சே,
சீட்டா குடுத்துச்சு?
இவன் குடுப்பான்ல."

சுறாவுக்கு பிரெஞ்சில் சொல் உண்டு.
பால்சுறாவுக்கு?
பால் கொண்டுபோகக் கூடாது என்கிறது விதி.
இதைத் தின்றால் பெற்றவளுக்குப் பால் ஊறும்
என்பதை எந்தக் கட்டத்தில் நிரப்ப?
பாலை விட்டுவிட்டு
சுறாவை மட்டும் எழுதினேன்.
அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
ஒரு சொல் குறைவது தெரிந்தவள் போல.

"நிறுத்தாதீங்க.
நெய் அரை கிலோ. கருவேப்பிலை ஒரு கட்டு.
பண்ருட்டி முந்திரி.
பிள்ளைக்கு வசம்பு வளையல்."

எட்டாம் நாள் கடைக்குப் போன் வந்தது.
எல்லாரும் பச்சை வழியில் போக
இவள் மட்டும் சிவப்பு வழியில் போய்த்
தானாகவே தாளை நீட்டியிருக்கிறாள்.
நெய்யை எடுத்துக்கொண்டார்களாம்.
கருவேப்பிலையை மோந்து பார்த்து
ஒருத்தன் கொஞ்ச நேரம் சும்மா நின்றானாம்,
பிறகு அதையும்.
"கருவாடு?"
"அதுக்குத் தடையே இல்லையாம்ணே.
போன்னுட்டாங்க."

பத்து வருஷம்.
ஒளிக்கவே வேண்டாத மீனை
எத்தனை பட்டுச்சேலையில் நாற விட்டிருக்கிறேன்.
ஜெராக்ஸ்காரப் பையன் கேட்டான்,
ஏன் சார் சிரிக்கிறீங்க.
நான் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அன்று மாலை கடலூர் பஸ்.
ஆல்பேட்டைச் சாவடியில் காவலர் ஏறினார்.
"பாட்டில் கீட்டில் இருக்கா?"
ஐம்பத்தைந்து பேரும்
ஜன்னலுக்கு வெளியே
ஏதோ புதிதாய் இருப்பதுபோல் பார்த்தார்கள்.

இருக்கு சார் என்றேன்.
மச்சானுக்கு ஒரு குவார்ட்டர்.
அப்புறம் பாதித் தயிர்சோறு,
மை ஒழுகும் பேனா ஒன்று.

அவர் கிட்டே வந்து
குரலைத் தாழ்த்தினார்.
"உன்ன யாருய்யா இப்ப கேட்டா?"

பாட்டிலை வாங்கிக்கொண்டார்.
சீட்டு கேட்டேன்.
மேல்சட்டைப் பையைத் தடவினார்,
கால்சட்டைப் பையைத் தடவினார்,
பிறகு என்னை இறங்கச் சொன்னார்.

பெண்ணைப் பாலத்தை நடந்தே கடந்தேன்.
சோறு புளித்திருந்தது.
பேனாவில் இன்னும் கொஞ்சம் மை இருந்தது.