ஆகாரம்

குழுவுக்கு வைத்த பெயர் ‘மீன் விலை’.
கிண்ணியா றிஸ்வானா அதில் ஒரு கணவாய்ப் படம் சேர்த்தாள்.
நான் அட்மின். பெரிய காரணம் ஒன்றுமில்லை,
அன்றைக்கு என் போனில்தான் டேட்டா மிச்சம் இருந்தது.

திருக்கடலூரில் போட் கரையேற ஐந்தரை.
ஐந்து முப்பத்திரண்டுக்கு முதல் செய்தி:
‘சூரை அறுநூறு எண்டுறார்.’
கிண்ணியா: ‘இங்கயும் அதுதான்.’
நிலாவெளியிலிருந்து நயோமி சிங்களத்தில் எழுதுவாள்.
எண்ணை மட்டும் வாசிப்பேன்.
எண் போதும்.

நாற்பத்தியொரு பேர். முகம் தெரியாது.
ரோசாப்பூ, மாதா, மக்கா,
பால்குடிப் பிள்ளை, சூரியகாந்தி:
இவைதான் எங்கள் முகங்கள்.
ஜெசிந்தாவின் புருசன் மூன்று நாள் கரைக்கு வராதபோது
ஒருத்தியும் ஒரு சொல் எழுதவில்லை.
நடுச்சாமத்தில் ஒவ்வொரு பெயராய்த் திறந்து பார்த்தேன்.
ஆன்லைன். ஆன்லைன். ஆன்லைன்.
நாலாம் நாள் அவள் அனுப்பியது ஒரு படம்,
கொடியில் ஈரச் சாரம்.

பின்னேரம் ஏழு மணிக்கு போன் மகளுடையது.
சூம் வகுப்பு, புள்ளிவிபரம்.
மைதானத்து மதிலோரம் நின்றால்தான்
மாஸ்டரின் வாயும் சத்தமும் ஒன்றாய் வரும்.
பக்கத்தில் ஒரு மான் நிற்கும்,
பஸ் நிலையத்துக் கடதாசி தின்று வளர்ந்த மான்.
கணக்கு விளங்காவிட்டாலும்
வகுப்பு முடியும்வரை போகாது.

‘அம்மா, மாஸ்டரின்ர வரைபுக்கு மேல
உங்கட நெத்தலி வந்து விழுது.’
பிறகு டிலக்சனா அந்த எண்களையே
கொப்பியில் எழுதத் தொடங்கினாள்,
பயிற்சி பதின்மூன்றை விட்டுவிட்டு.
கூடத் தடவை வருகிற எண்ணுக்கு
ஆகாரம் என்று பெயராம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் ஆகாரம் அறுநூறு.
நாலு மாதமாய் அறுநூறு.
நயோமியின் தங்கை பேலியகொட விலைப்பலகையைப்
படம்பிடித்து அனுப்பிய கிழமை,
அங்கே ஆயிரத்து நூறு,
இங்கே அறுநூறு.

‘நாளைக்கு எழுநூறுக்குக் குறைய இல்லை’
என்று இரவு எழுதினோம்.
விடிய இன்பராசா முதலாளி
லொறியைக் கொண்டுவரவே இல்லை.
ஐஸ் உருகிச் சூரை வெயிலைப் பார்த்தது.

அந்தச் செய்திக்கு ஒரேயொரு கட்டைவிரல் விழுந்திருந்தது,
பதினொன்று நாற்பத்தெட்டுக்கு. சூரியகாந்தி.
ஆறு மாதமாய் ஒரு சொல் எழுதாத சூரியகாந்தி.
அந்த நம்பரை எங்கேயோ கண்டிருக்கிறேன்.
எங்கேயோ என்ன,
மறுநாள் வந்த லொறியின் பின்கதவில்,
மஞ்சள் பெயின்ரில்.

‘தூக்கி எறி’ என்றாள் ஜெசிந்தா.
விரலை வைத்தேன். ‘நீக்கு’ சிவப்பாய் நின்றது.
நீக்கினால் நாளைக்குத் தாமரையாய் வருவார்.
விரலை எடுத்தேன்.

அன்றிரவு மகளின் கொப்பியைப் படமெடுத்துப் போட்டேன்.
எங்கள் விலைக்கு ஒரு கோடு, பேலியகொடவுக்கு ஒரு கோடு.
இடையில் கிடந்த வெளியைப்
பென்சிலால் நிழலிட்டிருந்தாள்.
டீசல், ஐஸ், ஆள்கூலி, கழிவு
எல்லாம் கழித்தும் நிழல் முடியவில்லை.
கீழே றிஸ்வானா எழுதினாள்:
‘எங்கட பக்கத்தால ஒரு கூலர் லொறி வரும் எண்டிருக்கு.’
உண்மையா என்று நான் கேட்கவில்லை.

எல்லாரும் பார்த்தால்தான் குறி நீலமாகும்.
பத்து மணி, சாம்பல்.
பதினொன்று, சாம்பல்.
பிறகு நீலம்.
சூரியகாந்தி எழுதிக்கொண்டிருந்தது.
நின்றது. திரும்ப எழுதியது.
கடைசியில் வந்தது:
‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.’

விடிய லொறி வந்தது.
‘அறுநூற்றி எழுபது’ என்றார் முதலாளி,
என்னைப் பாராமல், கடலுக்குச் சொல்வதுபோல.
நான் அதைக் குழுவில் போட்டேன்.
முதல் கட்டைவிரல் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

‘இனி இதுதானே எங்கட ஆகாரம்?’ என்றேன்.
மகள் கொப்பியிலிருந்து தலையெடுக்கவில்லை.
‘ஒருக்காத்தானே வந்திருக்கு.
ஒண்டை வைச்சு ஒண்டும் சொல்லேலாது அம்மா.’