பதினேழாம் எண்

செந்தூலில் குளிர்காலம் கிடையாது.
நானே செய்துகொள்கிறேன்.
மூடிப்போன சாப்பாட்டுக் கடையில்
நூற்றைம்பது ரிங்கிட்டுக்கு வாங்கிய குளிர்பானப் பெட்டி,
கண்ணாடிக் கதவில் பாதி கிழிந்த ஆரஞ்சுப் பழம்.
உள்ளே பதினான்கு டிகிரி.
டிசம்பர் முழுக்க, ஜனவரி முழுக்க
ஆறு பாம்புகள் பசி மறந்து சுருண்டிருக்கும்.
வெளியே எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டும்.

குளிர்ந்து எழுந்தால்தான் இவை சரியாகக் கூடுகின்றன.
பிறந்த நாட்டில் குளிர் சும்மா வரும்.
இங்கே அதற்கு மாதாமாதம் பில் வருகிறது.

"ராஜநாகமா?" என்றார் லிப்டில் ஒருவர்,
என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்து.
இல்லை, கிங்ஸ்நேக். விஷம் கிடையாது.
மற்றப் பாம்புகளைத் தின்னும், அதனால் ராஜா.
ஒரே டப்பாவில் இரண்டை மறந்து வைத்தால்
காலையில் ஒன்று இருக்கும்,
கொஞ்சம் தடித்து.
பன்னிரண்டை அழுத்தியிருந்தவர்
ஏழிலேயே இறங்கிக்கொண்டார்.

அறுபத்திரண்டாம் நாள்
ஈரப் பாசிக்குள் முட்டைத் தோலைக் கீறி
ஒரு மூக்கு வரும்.
வந்துவிட்டு, ஒரு பகல் முழுக்க
வரலாமா என்று யோசிக்கும்.

அப்போதுதான் படம் எடுப்பேன்.
முதல் சட்டை உரித்த மறுநாள்.
கன்னங்கரேல் உடம்பு,
குறுக்கே மெல்லிய மஞ்சள் பட்டைகள்,
விலாவில் ரத்தினக் கல் சிவப்பு.
அந்தச் சிவப்புக்குத்தான் விலை.
அந்தச் சிவப்புதான் முதலில் போகும்.
பிறகு ஒவ்வொரு செதிலாக
மஞ்சள் கறுப்பைத் தின்னத் தொடங்கும்.
மூன்றாம் வயதில் பார்த்தால்
வேகவைத்த பருப்பில்
மிளகு தூவியது போல இருக்கும்.

வாங்குகிறவர்களிடம் சொல்லிவிடுவேன்.
தாயின் படத்தையும் தகப்பன் படத்தையும் காட்டுவேன்.
அவர்கள் குஞ்சைத்தான் பார்ப்பார்கள்.

கெப்போங்கிலிருந்து ஹெங் வந்தான்,
தலையணை உறைக்குள் பாம்போடு.
இது நான் வாங்கியது இல்லை என்றான்.
யாரோ மாற்றிவிட்டார்கள்,
என் மச்சானாக இருக்கும்,
அல்லது நீ.
இரண்டு வருடத்துக்கு முந்திய படத்தைத்
தொலைபேசியில் நீட்டினான்.

எனக்கு அத்தை ஞாபகம்.
விசேஷத்துக்கு விசேஷம் கூட்டத்தில் சொல்வாள்:
"இந்தச் செண்பகவல்லி பொறந்தப்போ என்ன சிவப்பு தெரியுமா!
அப்புறம்தான் இப்படி."
யாரோ என்னை மாற்றிவிட்டது போல.
பணத்தைத் திருப்பிக் கேட்பது போல.

பதினேழாம் எண் பக்கத்தை நோட்டில் திறந்தேன்.
கழுத்திலிருந்து எண்ணு, ஹெங்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவது பட்டை நடுவில் உடைந்து
இடப்பாதி ஒரு செதில் கீழே நழுவியிருக்கிறதா?
பழைய படத்தில் பார்.
இப்போது என் விரலுக்குக் கீழே பார்.
நிறம் போகும். உடைசல் எங்கே போகும்?

வெகுநேரம் எண்ணினான்.
மஞ்சளுக்குள் மஞ்சளாகப் பட்டை
மங்கித்தான் இருந்தது, ஆனால் இருந்தது.
"இன்னும் மாறுமா?"
மாறும்.
உறையில் திரும்பப் போட்டு,
முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்து,
எடுத்துக்கொண்டு போனான்.

அந்த வாரமே அடையாள அட்டை தொலைந்தது.
பதிவு அலுவலகத்தில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள்.
இயந்திரத்துக்கு என்னைத் தெரியவில்லை.
துடைத்து வையுங்கள்.
இன்னும் அழுத்துங்கள்.
பதினோரு வருடம் ஈப்போ சாலை டயாலிசிஸ் நிலையத்தில்
இரவெல்லாம் கிருமிநாசினியில் கழுவிய கை,
ரேகை அதிலேயே போயிருக்கும்.
முகப்பில் இருந்த பெண்
பதினெட்டு வயது என்னைத் திரையில் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
மறுபடி திரையை.
"இது நீங்கள்தானா?"

ஆமாம் என்றேன்.
அதற்குமேல் காட்ட
கழுத்தில் ஒன்றும் இல்லை.

இடது கை முயன்றபோது பச்சை விளக்கு எரிந்தது.
வெளியே மழை பிடித்துக்கொண்டது.
வீட்டுக்கு வந்து, ஒன்பது குஞ்சுகளுக்கு
ஒன்பது சுண்டெலிகளை
வெந்நீரில் உருகப் போட்டேன்.