கையுறைப் பிரிவு

வலது கை ஒரு குவியல்,
இடது கை ஒரு குவியல்.
பேரணாம்பட்டில் பன்னிரண்டு வருடமாக
ஜோடி சேர்ப்பது என் வேலை.
விரல் முட்டியில் திண்டு வைத்த கறுப்பு உருப்படிக்கு
சூப்பர்வைசர் வைத்த பெயர் பட்டாளத்து சைஸ்.
எந்தப் பட்டாளம் என்று அட்டைப்பெட்டியில் இருக்காது.
சென்னைத் துறைமுகம் வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

எஸ்.ஐ. தணிகாசலம் மூன்று வாரம் வெளிநாடு போய்வந்தார்.
பயிற்சியாம்.
ஜமாத்திலிருந்து ஒரு சால்வை,
சர்ச் தெருவிலிருந்து ஒன்று, போட்டோம்.
போவதற்கு முன்னால்
எங்கள் தெருவில் யார் மகன் யார் என்று அவருக்குத் தெரியும்.
நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளி அனுப்புவார்,
ஊறுகாய் வைக்க மறந்தால் ஆளனுப்பித் திட்டுவார்.

வந்தபின் முகம் பார்ப்பதில்லை.
கை.
"மூஞ்சி பொய் சொல்லும், கை சொல்லாதுன்னு
அங்க சொல்லிக் குடுத்தாங்கம்மா"
என்று ஹபீபுன்னிசாவிடம் அவரே சொன்னாராம்,
மூன்றடி தள்ளிப் பக்கவாட்டில் நின்றுகொண்டு.

எங்கள் ஊர்க் கைகளைப் பற்றி
அங்கே யாராவது சொல்லியிருக்கலாம்.
குரோம் தொட்டிக்காரன் கை
கல்யாணத்தன்றும் நீலம்.
சுண்ணாம்புக் குழியில் நின்றவனுக்கு ரேகையே கிடையாது,
ரேஷன் கடை மிஷின் அவனை இல்லை என்கிறது.

பத்தலபல்லி செக்போஸ்ட்டில்
எத்திராஜை மண்டிபோடச் சொல்லி
உள்ளங்கையில் வெள்ளைத் துணி தேய்த்தார்கள்.
துணி நிறம் மாறிவிட்டது.
மாறாமல்?
அவன் முதலில் சிரித்தானாம்.
சிரிப்பதும் அந்தப் பாடத்தில் ஏதோ ஓர் அறிகுறி போல.
இடது முட்டி இன்னும் மடங்கவில்லை.

எந்த நாடு, என்ன பாடம், யார் செலவு
என்று கேட்டு மனு போட்டோம்.
முப்பதாம் நாள் பதில்:
பாதுகாப்பு கருதித் தர இயலாது.
யாருடைய பாதுகாப்பு என்பது நான்காவது கேள்வி,
அதற்கு இன்னொரு பத்து ரூபாய் ஸ்டாம்பு.

மண்டபத்தில் கூட்டம் போட்டோம்.
ஒருவர் வேலூர்க் கோட்டையிலிருந்து ஆரம்பித்தார்,
வெள்ளைக்காரன், சிப்பாய், தோல் வைத்த தொப்பி...
"அண்ணே, எத்திராஜ் முட்டிக்கு வாண்ணே"
என்றது பின்வரிசை.

போன செவ்வாய், ஷிப்ட் விடும் நேரம்,
கம்பெனி வாசலில் ஜீப்.
எங்களை வரிசையில் நிற்கவைத்து
கையை நீட்டச் சொன்னார்.
நீட்டினேன்.
என் தொழில் வேறு என்ன,
நானும் அவர் கையைப் பார்த்தேன்.
கறுப்பு. முட்டியில் திண்டு.
வலது விரல்களில் பிதுங்குகிறது,
இடது நுனியில் தொளதொளவென்று காற்று.

"சார், இது எங்க வாங்கினீங்க?"
"அங்க குடுத்தது."
"வலது எட்டு, இடது ஒம்பது சார்.
நான்தான் ஜோடி மாத்திக் கட்டிட்டேன்."

அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
குடியாத்தம் பஸ் ஹாரன் அடித்தது.
என் பின்னால் ஆறு பெண்கள்
நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.