தகடு சாயும் பக்கம்

மெய்ன் வடகோடி. ஜூலை வெயில்.
பனியைப் பற்றிக் கேட்கிறாள் லொரெட்.
நானூறு சிசியா, எழுநூறா என்று
ஏடிவிகளை அடுக்கிக்கொண்டே போகிறான் விற்பவன்.
அவள் பையில் ஒரு நூல்:
கொட்டகைக் கதவின் அகலம்.
சிவப்பு நாலு விரல் கூடுதல்.
பச்சை நுழையும்;
புல்வெட்டியை இழுக்கும், விறகை இழுக்கும்,
சுட்ட மானையும் இழுக்குமாம்.

குனிந்து
பனித்தகட்டைக் கையால் திருப்பிப் பார்க்கிறாள்.
இடப்பக்கம் மட்டுந்தான் சாயுமா?

இடப்பக்கம் வெண்டலின் வேலி.
பதினோரு வருஷமாய்ப் பேச்சில்லை.
போன ஜனவரி, காய்ச்சலில் கிடந்தபோது
யாரோ வாசல்வரை வழி வெட்டியிருந்தார்கள்;
பூட்ஸ் தடம் வேலியண்டை போய் மறைந்தது.

"ரெண்டு பக்கமும் சாய்கிறதும் இருக்கு மேடம்,
இருநூறு டாலர் கூட."

நூலை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள்.
ரொக்கமாய் எண்ணி வைக்கிறாள்.