ஊதா மை

வந்து இறங்கிய அன்றே பெயரைக் கழற்றச் சொன்னார்கள்.
மேசைக்குப் பின்னால் மூக்கைச் சிந்தியபடி ஓர் அதிகாரி:
"பிடிபட்டால் உன் வீட்டாரைத் தேடிப் போவார்கள்.
வேறு பெயர் சொல்."
வாயில் வந்தது எங்கள் தெருக்கோடி
சைக்கிள் கடைக்காரர் பெயர்.
அன்றிலிருந்து நான் அனத்தோல் ப்ரூவே.
காஸ்யான் லெமூசு எங்கே போனான் என்று
யாரும் கேட்கவில்லை.

யார்க்‌ஷயரில் மழைக்கு விடுமுறை கிடையாது.
தகரக் கொட்டகை, ஏழு பேர், ஓர் அடுப்பு,
ஒரு வாளி நிலக்கரி, அதுவும் திருடியது.
பறக்கும் நாளில் மட்டும் முட்டை.
வால்பக்கத் துப்பாக்கிக்காரன் தெலோர்ம் அதைத் தொடமாட்டான்.
ரொட்டிக்கடியில் மூடி வைத்துவிட்டு ஏறுவான்,
விடியலில் திரும்பி வந்து
ஆறிப்போனதைத் தின்பான்.
பதினேழு முறை தின்றிருக்கிறான்.

எனக்கு வாய்த்தது சில்லறை வேலை.
ரேடாரின் கண்ணில் மண் தூவ
வெள்ளித்தாள் கீற்றுகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்துத்
தரை ஓட்டை வழியே தள்ளவேண்டும்.
விரல் எது உறை எது என்று தெரியாத குளிர்.
கீழே நான் பிறந்த நாடு,
விளக்கில்லாமல், கரிப்பிடித்த வாணலியின் அடிபோல.
மூன்று வருடமாக வீட்டுக்கு ஒரு வரி போடமுடியாதவன்
ஊர் ஊராகத் தாள் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் ஒரு மாலை
சுவர் வரைபடத்தின் திரை விலகியது.
சிவப்பு நாடா போய் நின்ற இடம்
மேயென் ஆற்றின் வளைவு, ரயில் சந்திப்பு.
அங்கிருந்து எங்கள் வீடு சைக்கிளில் பதினைந்து நிமிடம்,
எதிர்க்காற்று என்றால் இருபது.
நான் வாய் திறக்கவில்லை.
திறந்தால் காஸ்யான் அல்லவா பேசுவான்?
அவன்தான் இங்கே இல்லையே.

அன்றிரவு ஒரு கீற்றில்
தங்கையின் செல்லப்பெயரைக் கீறினேன்: குருவி.
பென்சில் பற்றவில்லை. உறையைக் கழற்றி
நகத்தால் அழுத்தி எழுதினேன்.
அதைத் தள்ளிய இரண்டாம் நிமிடம்
விமானம் சட்டென்று மேலெழும்பியது.
பாரம் இறங்கினால் அப்படித்தான் எழும்பும்.
தாள் ஆடி ஆடி இறங்கும். குண்டு முந்திவிடும்.
அந்தக் கணக்கை நான் போட்டிருக்கக் கூடாது.

திரும்பும் வழியில்
தெலோர்மை அழைத்தோம், பேச்சுக்குழாயில், மாறி மாறி.
பிறகு அழைப்பதை நிறுத்தினோம்.
காலையில் ரொட்டியை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் ஊர் விடுபட்டது.
எழுதினேன். சொந்தப் பெயரில், ஒரே மூச்சில், எட்டுப் பக்கம்.
இங்கே எனக்கு வேறு பெயர் என்பதை மட்டும்
எழுத மறந்தேன்.

நவம்பரில், தபால் அறை ஈனிட் தாக்ரே
தேநீரை ஊதிக்கொண்டே சொன்னாள்:
"வாயில் நுழையாத பெயருக்கு ஒரு கடிதம் வந்தது, ப்ரூவே.
பட்டியலெல்லாம் தேடினேன். அப்படி ஓர் ஆளே இல்லை.
திருப்பி அனுப்பிவிட்டேன்."

கையெழுத்து எப்படி இருந்தது?
இடப்பக்கம் சாய்ந்திருந்ததா?

"கவனிக்கவில்லையே. மை மட்டும் ஊதா."

குருவி பள்ளிக்கூடத்தில் எழுதியது ஊதா மையில்.
நகர மன்றத்தில்
இறந்தவர் பெயரைப் பதிகிற குமாஸ்தாவும்
அதே கடையில்தான் புட்டி வாங்குவார்.