உப்புக்குச் சப்பாணி

முப்பத்தொரு வருஷம்
வாசில் இறங்கிப்போன சுரங்கம்
ஒரு கிலோமீட்டர் ஆழம்.
சஸ்காச்சவான் கோதுமைக்கு அடியில்
இளஞ்சிவப்பாய்க் கிடக்கிறது செத்த கடலொன்று.
பொட்டாஷ். யார் யார் வயலுக்கோ உரம்.
மதிய ரொட்டியில் அதன் தூசி படிந்திருக்கும்.
"கடல் செத்தால் இப்படித்தான் கசக்கும்" என்பான்.
சிரிப்போம்.

போன நவம்பரில் இதயம் பெருத்தது.
கணுக்கால்கள் உப்பின.
உப்பு நின்றது.

கடையில் மாற்று உப்பு விற்றார்கள்.
சோடியம் துளியும் இல்லை, நீல எழுத்தில்.
வைத்தியரைக் கேட்கத் தோன்றவில்லை,
உப்பைப் பற்றி யார் யாரைக் கேட்பது?
பீட்ரூட் சூப்பில் தூவினேன்.
ஒரு வாய் வைத்துவிட்டுக்
கரண்டியைக் கீழே வைத்தான்.
"ஒரிசியா, இது என் சுரங்கம்."

டப்பாவைத் திருப்பினேன்.
பொட்டாசியம் குளோரைடு.
அவன் வெட்டியனுப்பியது
குளித்து, வெளுத்து,
எங்கள் மேசைக்கே திரும்பி வந்திருக்கிறது.

முதலில் கரிக்கும்.
அப்புறம் அடிநாக்கில்
டார்ச் பேட்டரியை நக்கியதுபோல் ஒரு சுள்.
அந்தச் சுள்ளைத்தான்
பனிக்காலம் முழுக்கத் துரத்தினேன்.

கூட்டுறவுக் காலண்டரின் முதுகில் என் கணக்கு:
நான்காம் முறை, எலுமிச்சைச் சத்து.
கசப்பு போகவில்லை, கோபித்துக்கொண்டது.
ஒன்பது, சர்க்கரை.
மிட்டாய்க்குள் ஆணி.
பதினாலு, காய்ந்த காளானை வறுத்து அரைத்தது.
முதல் தடவையாக நாக்கு நின்று கேட்டது.
பதினேழாம் முறை பற்றி எழுதவில்லை.
அன்று அழுதுவிட்டேன்.
உதட்டுக்கு வந்ததை நக்கினேன்.
அசல் சரக்கு.

கர்லிங் அரங்கில்
அவித்த முட்டைப் பாதிகளில் தூவி நீட்டுவேன்.
நன்றென்றால் டம்ளரில் ஒரு பீன்ஸ் விதை,
இல்லையென்றால் மூடியில்.
ஜனவரி வரை மூடிதான் நிறைந்தது.

இருபத்து மூன்று:
முகத்துக்குப் பூசும் மாவாக அரைத்த உப்பு,
காளான், ஈஸ்ட் செதில்,
கருக விட்ட வெங்காயத்தின் தூள்,
புளிப்பு இருக்கிறதா என்று சந்தேகம் வருமளவு புளிப்பு.
பானைக்குள் போடக்கூடாது.
இறக்கியபின் மேலே தூவினால்
கரிப்பு முந்திக்கொள்ளும்,
கசப்பு வந்து சேர்வதற்குள்
விழுங்கியிருப்போம்.

ஆன்யெஸ் பெல்த்தியே
கேட்காமலே இரண்டாவது முட்டையை எடுத்தாள்.
வாசில் உருளைக்கிழங்கில் தூவி
ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தான்.
நாற்பது வருஷத்தில்
எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு.

பதினோரு நாள்.

மருத்துவமனையிலிருந்து மாரிவிக் அழைத்தாள்.
இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது,
சிறுநீரகம் வெளியே தள்ளவில்லை.
"மாற்று உப்பு ஏதாவது...?"
சொன்னேன்.
மறுமுனையில் சற்று நேரம் மூச்சு மட்டும்.
"இப்பவே கூட்டிட்டு வாங்க. டப்பாவையும்."

இரண்டு இரவு, மார்பில் கம்பிகள்.
திரையில் மலையும் பள்ளமுமாய் ஓடியதை
அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்,
ஷிஃப்ட் முடிய எவ்வளவு நேரம் என்பதுபோல்.
முப்பத்தொரு வருஷம்
வெளியில் நின்ற பாறை
பதினோரு நாளில் உள்ளே போய்விட்டது.
நான்தான் ருசியாக்கி அனுப்பினேன்.

ஜாடி ஆன்யெஸிடம் போயிற்று.
அவள் தன் வைத்தியரைக் கேட்டுவிட்டுத்தான் திறந்தாள்.
இப்போது சோளப்பொரிக்குத் தூவுகிறாள்,
ஊரில் நாலு பேர் செய்முறை கேட்கிறார்கள்.
எழுதிக் கொடுக்கிறேன்.
முதல் வரியில் சிறுநீரகம்,
காளான் அதற்கப்புறம்.

இங்கே பீட்ரூட்டும் போயிற்று.
கிழங்கை இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடிக்கிறேன்.
காடி, மிளகு, கைநிறையச் சதகுப்பை.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே,
எங்கள் வீட்டில் சதகுப்பையிலே.

நேற்று இரவு
பழைய உப்புக் குலுக்கியை எட்டி எடுத்தான்.
ஈரத்துக்குப் போட்டிருந்த அரிசி மட்டும் உள்ளே.
தட்டின்மேல் கவிழ்த்து மூன்று தட்டு.
அரிசி சலசலத்தது,
எதுவும் விழவில்லை.
நான் பார்ப்பதைப் பார்த்தான்.
"போதுமா?" என்றேன்.
மென்று, யோசித்து,
"ஒரு தட்டு கூடிப்போச்சு" என்றான்.