ஒன்று உதைக்கிறது

ஹட்டனில், பார்மசிக்கு மேலே, மாடி.
ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்து
ஃபைல்களுக்கு நடுவே உட்காரும் பனி.
திங்களுக்குள் வாசித்து முடிக்கச் சொல்லி
விஜேசுந்தர சேர் வைத்துவிட்டுப் போன ஆண்டறிக்கை:
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
விரலில் வழுக்கும் தாள்.

அட்டையில் ஒரு பெண் சிரிக்கிறாள்.
முதுகில் பிரம்புக் கூடை.
அந்த மாதிரிக் கூடையை நான் கடைசியாகப் பார்த்தது
ஒரு ஹோட்டல் வாசலில்,
குடைகள் செருகி வைத்திருந்தார்கள்.
எங்கள் மலையில் தலையில் மாட்டுவது உரச்சாக்கு.
சரி, அட்டை தணிக்கைக்கு உட்பட்டதல்ல.

தலைவரின் செய்தியில் ‘சவால்’ பதினொரு முறை.
டை கட்டிய ஒன்பது பேர்,
ஒவ்வொருவர் கீழும் முழுப்பெயர், பட்டம், படித்த நாடு.
‘முன்பக்கம் விருந்தாளிக்கு,
குறிப்புகளுக்குப் போ, அங்கேதான்
வீட்டுக்காரர்கள் குசுகுசுப்பார்கள்’ என்பாள் ருக்சானா.
பக்கத்து மேசை. என்னைவிட எட்டு மாதம் சீனியர்.

போனேன்.
குறிப்பு பதினாறு:
தேயிலைச் செடிக்கு ஆயுள் முப்பத்து மூன்று ஆண்டு.
வருடா வருடம் தேய்த்துச்
சுழியில் கொண்டு நிறுத்துகிறார்கள்.
தேயிலைக்குள் ‘தேய்’ இருப்பதை
இன்றுதான் கவனித்தேன்.
ஒன்பதாம் நம்பர் மலையில்
வெள்ளைக்காரன் காலத்து விதைச்செடி
கணக்கில் எப்போதோ செத்துவிட்டது.
நேற்றும் அதில் கொழுந்து எடுத்தார்கள்.

குறிப்பு பதினேழு:
யூகலிப்டஸ் மரங்கள் நின்ற இடத்திலேயே நின்று
நாலு கோடி இலாபம் காட்டியிருக்கின்றன.
வெட்டவில்லை, விற்கவில்லை.
வளர்ந்தன, அவ்வளவுதான்.
என் தம்பியும் அதே வருடம் மூன்று அங்குலம் வளர்ந்தான்,
காற்சட்டைச் செலவு மட்டுமே காட்டினான்.

குறிப்பு இருபத்தொன்பது, பணிக்கொடை.
இங்கே வேகம் குறைந்தது.
இத்தனை பேர் விலகுவார்கள்,
இத்தனை பேர் அறுபதைத் தொடுவார்கள்,
தொடாதவர்களுக்கு ஒரு மரண அட்டவணை.
எல்லாவற்றையும் பதினொன்று தசம் ஐந்து வீதத்தில் கழித்து
இன்றைய விலைக்கு இறக்கியிருக்கிறார்கள்.
அம்மா இந்த வரிக்குள் எங்கோ இருக்கிறாள்.
வயது ஐம்பத்தாறு, இடது முழங்காலில் நீர்.
முழங்காலுக்கு நிரல் இல்லை.

கூட்டிப் பார்த்தேன்.
கல்குலேட்டரில் ஒரு தடவை, பென்சிலால் ஒரு தடவை.
ஒன்று உதைக்கிறது.

‘ரவுண்டிங்,’ என்றாள் ருக்சானா, பணிஸைக் கடித்தபடி.
‘மேலே பார், ரூபாய் ஆயிரங்களில்.
ஐந்நூறுக்குக் கீழே சுழி, மேலே போனால் ஒன்று.
இரண்டு கோடிக்குள் எது உதைத்தாலும்
நாங்கள் பார்க்கத் தேவையில்லை.’

தேவையில்லை.
பரீட்சையில் அப்படி எழுதித்தான் பாஸானேன்.

ஆனால் எங்களிடம் ஒரு நாள் கூலிக்குப் பேர்,
‘பேர்’.
‘இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?’ என்றுதான் கேட்பார்கள்.
கிலோ குறைந்தால் அரைப் பேர்.
அம்மாவின் அரைப் பேர் ஒரு காலத்தில் முன்னூற்றைம்பது ரூபாய்.
ஆயிரங்களில், சுழி.
இரண்டு அரைப் பேர் எழுநூறு.
ஆயிரங்களில், ஒன்று.
தனியாக நின்றால் இல்லவே இல்லை,
சேர்ந்து நின்றால்
இருப்பதைவிடக் கூடுதல்.
இதை எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

பரீட்சை முடிவு வந்த அன்று லயத்தில் கேலி:
‘கணக்கப்பிள்ளை வந்தாச்சு,
எங்களுக்கெல்லாம் முழுப் பேர் போடு புள்ள!’
நானும் சேர்ந்து சிரித்தேன்.

பக்க ஓரத்தில் ‘1?’ என்று எழுதினேன்.
அழித்தேன்.
அழித்த இடம் மட்டும் மங்கலாக நிற்கிறது
அந்தப் பளபளப்பில்.

ஆறு மணி பஸ். டிக்கெட் நாற்பத்தாறு.
ஐம்பது கொடுத்தேன்.
மிச்ச நாலு ரூபாயைக் கண்டக்டர் மறந்தார்,
ஆளுக்கு ஆள் மறந்துகொண்டே முன்னுக்குப் போனார்.
‘அண்ணே, மிச்சம்.’
பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
‘சில்லறை இல்ல புள்ள’ என்று
ஐந்து ரூபாய்க் குற்றியை உள்ளங்கையில் அழுத்தினார்.

மல்லியப்பூச் சந்தி தாண்டியும்
கையைத் திறக்கவில்லை.
ஒன்று உதைக்கிறது.
இந்த முறை, என் பக்கம்.